அத்தியாயம் 5: கழிவறை, சமையலறை, வகுப்பறை

ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்திருந்தது 2022 நவம்பர் இறுதியில் வெளியே வந்தது. ஒரு சிறுவனுக்கு டெங்கு காய்ச்சல் வந்து, அவன் தாய் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தலைமையாசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், கைதும் ஆனார். அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 2018 ஜூலையில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஒரு கூட்டம் திரண்டது. அதிகாரிகள் முதலில் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். பெரும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. அந்த வழக்கில் ஆறு பேருக்கு திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் தண்டனை விதிக்க 2025 நவம்பர் வரை ஆனது. கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் 2023இல் காலை உணவுத் திட்டத்திலும் இதே தகராறு வந்தது. ஆட்சியர் நேரில் போய், வழக்கு பாயும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில் 2025 ஏப்ரலில், மாதவிடாயிலிருந்த பட்டியல் சாதி மாணவி ஒருத்தி வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள்.

நான்கும் கொங்கு மண்ணில் நடந்தவை. நான்கில் ஒன்றுகூடப் பாடம் நடத்தும்போது நடந்ததல்ல. தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் தமிழ்நாட்டுப் பாடநூலின் முன்பக்கங்களில் தலைமுறை தலைமுறையாக அச்சாகிறது. அதைப் படித்துவிட்டுக் குழந்தை கழிவறைக்கும் சாப்பாட்டு வரிசைக்கும் போகிறது. அங்கே பார்ப்பதைத்தான் அது உண்மையென்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தின் வரிசை இதுதான்: முதலில் பள்ளியின் அன்றாட ஏற்பாடுகளை மாற்றுவோம், பிறகு பாடத்துக்குப் போவோம். ஏற்பாடு மாறாத பள்ளியில் நடத்தப்படும் சமத்துவப் பாடத்தைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

"எங்க பள்ளியில சாதியெல்லாம் இல்லீங்க"

பயிற்சி வகுப்புகளில் முதலில் எழும் குரல் இது. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே, எந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், எந்த வீட்டில் வாசலோடு நிற்க வேண்டும், யார் தோட்டத்துக் கிணற்றில் இறங்கலாம் என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் குடியிருக்கும் வளவிலிருந்து வரும் குழந்தை அதைக் காயமாகத் தெரிந்து வைத்திருக்கிறது. தோட்டத்து வீட்டிலிருந்து வரும் குழந்தை அதை இயல்பென்று தெரிந்து வைத்திருக்கிறது. ஆசிரியர் பேசாமல் இருப்பதால் இந்த அறிவு அழிவதில்லை. முதல் குழந்தை தனியாகத் தாங்குகிறது, இரண்டாவது கேள்வி கேட்கப்படாமலே வளர்ந்துவிடுகிறது.

"பேசினா இல்லாததைத் தூண்டிவிடற மாதிரி ஆயிடுமே" என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பிள்ளைகள். பேசாமல் விட்ட இடத்தில்தான் அது முற்றியது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, அகர வரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. சிலவற்றுக்கு அரசாணை வேண்டும். பலவற்றை ஒரு வகுப்பாசிரியர் எந்த ஆணைக்கும் காத்திராமல் தன் வகுப்பில் செய்துவிடலாம்.

முதல் வேலை: பள்ளியை ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஐந்து வேலை நாள்கள் பாருங்கள். கீழுள்ள கேள்விகளுக்கு ஊகத்தை எழுதாதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

1. விளக்குமாறு எடுப்பது யார்? ஆசிரியருக்கு டீ வாங்கிவரப் போவது யார்? இரண்டும் வேறு வேறு பிள்ளைகளா?
2. தண்ணீர்க் குடத்தைத் தொட்டு எடுத்து ஊற்றுவது யார்? கையேந்திக் குடிப்பது யார்?
3. சத்துணவு வரிசையில் யார் பின்னால் நிற்கிறார்கள்? வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருபவர்கள் யார்? "வயிறு சரியில்ல" என்று தினமும் சாப்பிடாமல் போவது யார்?
4. பள்ளி ஆண்டுவிழாவில் வரவேற்புரை, குத்துவிளக்கு, வி.ஐ.பி.க்குப் பூங்கொத்து ஆகியவை யாருக்குப் போகின்றன? பறை அடிக்க யாரைக் கூப்பிடுகிறோம்?
5. வகுப்புத் தலைவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள்?
6. அடி யாருக்கு அதிகம்? பெயர் சொல்லாமல் "டேய்" என்று மட்டும் கூப்பிடப்படுவது யார்?
7. ஆசிரியர் அறையில் எல்லா டம்ளரும் ஒன்றாகத்தான் இருக்கின்றனவா?

வாரக் கடைசியில் நோட்டைப் படித்தால், வாதம் செய்யத் தேவையில்லாத ஒரு படம் கிடைக்கும். நம்பகமான ஒரு சக ஆசிரியரும் தனியே எழுதி, இரண்டையும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது. ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

மறுநாளே மாற்றக்கூடியவை

வேலைப் பட்டியல்: கூட்டுதல், கரும்பலகை துடைத்தல், குடம் நிரப்புதல், செடிக்கு நீர் விடுதல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வகுப்பின் எல்லாப் பிள்ளைகளும் அகர வரிசையில் சுழலும்படி சுவரில் ஒட்டுங்கள். ஆண், பெண் வேறுபாடும் வேண்டாம். கழிவறை கழுவுவது எந்தக் குழந்தைக்கும் வேலையோ தண்டனையோ ஆகாது. அதற்குப் பணியாளர் வேண்டும். ஆளில்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஒன்றியத்துக்கு எழுதுங்கள்.

இருக்கை: அகர வரிசையில் உட்காரவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரிசையை நகர்த்துங்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், யாரும் வந்து பேரம் பேச முடியாது.

சாப்பாடு: வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து, அதே சோற்றைச் சாப்பிடுங்கள். சமைப்பவர் யாராக இருந்தாலும் ஆசிரியர் அங்கே உட்கார்ந்து உண்பதைப் பார்க்கும் பிள்ளை, வீட்டில் போய் அதைச் சொல்லும்.

உதவித்தொகை: "எஸ்.சி. பிள்ளைங்கெல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். படிவத்தை உறையில் போட்டுத் தனித்தனியாகக் கொடுக்கலாம், அல்லது பெற்றோரை அழைத்துப் பேசலாம். சாதிச் சான்று வாங்கும் வேலை அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் இடையில் முடியட்டும்.

விசாரிப்பு: "எந்த ஊரு? எந்தப் பக்கம்? என்ன கூட்டம்? குலதெய்வம் எது?" என்று விசாரிப்பது கொங்குப் பகுதியில் பாசமாகத் தொடங்கும் பேச்சு. இரண்டு கேள்வியில் சாதி தெரிந்துவிடும். சில பிள்ளைகள் பெருமையாகப் பதில் சொல்வார்கள், சிலர் தலை குனிவார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தையிடம் பிடித்த விளையாட்டு என்ன, தம்பி தங்கை உண்டா என்று கேட்டால் போதும். புதிதாக வந்த ஆசிரியரிடமும் அப்படியே.

மரியாதை: "வாங்க, போங்க, சொல்லுங்க" என்பது கொங்குத் தமிழின் புகழ். அந்த "ங்க" எல்லோருக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்யும் முதியவரை அவர் பேரன் வயதுப் பையன் "வாடா" என்று கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே பள்ளிக்கு ஒரே விதி: தூய்மைப் பணியாளர், சமையலர், காவலர் எல்லோரும் அக்கா, அண்ணன், அய்யா, எல்லோருக்கும் "வாங்க". முதலில் ஆசிரியர்கள் கடைப்பிடிக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

பாடத்துக்குள்: ஒரு கவலைக் கிணற்றிலிருந்து தொடங்கலாம்

சாதி பற்றிய பாடம் அம்பேத்கர் பிறந்தநாளான ஏப்ரல் 14 அன்று வந்து போகும் பாடமாக இருக்கக் கூடாது. சமூக அறிவியல், அறிவியல், கணக்கு, தமிழ் எல்லாவற்றிலும் இழையோட வேண்டும். எட்டாம் வகுப்புக்கு ஏற்ற, நான்கு பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு மாதிரி இதோ.

முதல் பாடவேளை, நிலம்: கோவை ஏன் மழை மறைவுப் பகுதி? மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தை எப்படித் தடுக்கிறது? பெரிய ஆறு பாயாத மேட்டுநிலத்தில் வேளாண்மை எதை நம்பியது? பதில்: ஆழக் கிணறு. பிள்ளைகள் தங்கள் ஊர்க் கிணறுகளின் ஆழத்தை விசாரித்து வரட்டும்.

இரண்டாம் பாடவேளை, கருவி: மோட்டார் வருவதற்கு முன் கவலை இறைத்துத்தான் தண்ணீர் மேலே வந்தது. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடக்கயிறு இழுக்க, தோலில் தைத்த பறி நீரோடு மேலே ஏறும். அந்தப் பறி ஒழுகினால் வெள்ளாமை காயும். தோலைப் பதப்படுத்துவது எப்படி, ஆவாரம் பட்டை என்ன செய்கிறது, ஒழுகாமல் தைப்பது எப்படி என்பவை அறிவியல் கேள்விகள். பறியின் கொள்ளளவையும் ஒரு மணி நேரத்தில் இறைத்த நீரையும் பெரியவர்களிடம் கேட்டுக் கணக்குப் போடலாம்.

மூன்றாம் பாடவேளை, கைகள்: அந்தப் பறியைத் தைத்தவர்கள் அருந்ததியர். கொங்கு வேளாண்மையின் நீர் அவர்கள் தைத்த தையலில் நின்றது. இவ்வளவு அவசியமான தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஏன் நிலம் இல்லை? அவர்கள் தைத்த பறியில் வந்த தண்ணீரை அவர்களே ஏன் கிணற்றில் இறங்கி எடுக்க முடியவில்லை? இந்தக் கேள்வியை வைத்துவிட்டு, விவாதத்துக்கு இடம் விடுங்கள். குழப்பமும் மௌனமும் வந்தால் அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம்.

நான்காம் பாடவேளை, மாற்றம்: 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவையில் ஆலைகள் பெருகின, கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. மின்சாரத்தால் யாருக்கு என்ன கிடைத்தது? தோல் தைத்தவர்களின் தொழில் என்ன ஆயிற்று? நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் இன்று யார் சுத்தம் செய்கிறார்கள்? ஏன் அதே சமூகம்?

இந்தப் பாடத்தில் ஒடுக்கப்பட்டவர் வெறும் பாதிக்கப்பட்டவராக வருவதில்லை, தொழில்நுட்பம் தெரிந்தவராக வருகிறார். வளவுப் பிள்ளை தன் தாத்தாவைப் பற்றித் தலை நிமிர்ந்து கேட்கும் பாடம் இது. தோட்டத்து வீட்டுப் பிள்ளையும் தன் குடும்பத்தின் உழைப்பை இழக்காமல், அந்த உழைப்பு யாருடைய தோளில் நின்றது என்று தெரிந்துகொள்கிறது.

இன்னும் சில இடங்கள்

வரலாறு: தீரன் சின்னமலை சங்ககிரியில் 1805இல் தூக்கிலிடப்பட்டதை நடத்தும்போது, அவர் படையில் போரிட்டதாக அருந்ததியர் போற்றும் பொல்லானையும் அதே பாடத்தில் சேர்த்து நடத்துங்கள். மொடக்குறிச்சி வட்டம் ஜெயராமபுரத்தில் அவருக்கு அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது. ஈரோட்டுப் பகுதிப் பள்ளிகள் களப்பயணமாகவே போய் வரலாம். காலிங்கராயன் வாய்க்கால் பாடத்தில், வெட்டச் சொன்னவரின் பெயர் தெரிகிறதே, மண் சுமந்தவர்கள் யார் என்று கேளுங்கள்.

மொழி: கொங்கு நாட்டில் நாயுடு வீடுகளிலும் தெலுங்கு பேசுகிறார்கள், பல அருந்ததியர் வீடுகளிலும் தெலுங்கு பேசுகிறார்கள். ஒன்று கௌரவமாகவும் மற்றது கேலியாகவும் ஆவது மொழியால் அல்ல. தேவாங்கர் வீட்டுக் கன்னடம், இருளர் மொழி, பவானிசாகர் முகாமிலிருந்து வரும் பிள்ளையின் ஈழத்தமிழ் எல்லாவற்றிலும் ஒரு சொல்லை வாரம் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதலாம். அந்தந்தப் பிள்ளை விரும்பினால் மட்டும்.

பழங்குடியினர்: ஆனைகட்டி இருளரையும் ஆனைமலைக் காடரையும் மலசரையும் தேனெடுப்பவர்கள், ஆடுபவர்கள் என்ற படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லைக்கு அப்பால் அட்டப்பாடியில் வாழும் இருளர் பாடகி நஞ்சம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டது. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. இன்றைய வாழ்வோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிமாநிலக் குழந்தைகள்: திருப்பூர் பனியன் கம்பெனிகள், கோவை வார்ப்படச் சாலைகள், பல்லடம், நாமக்கல் கோழிப்பண்ணைகள் என எல்லா இடங்களிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் இருக்கின்றன. "வடக்கன்" என்ற சொல் வகுப்பில் ஒலித்தால், அதைச் சாதி வசவுக்குச் சமமாக நடத்துங்கள். குழந்தையின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், நம் வசதிக்கு மாற்றி வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையைத் துணையாக உட்காரவையுங்கள். நம் சனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் காட்டுக்கும் கூலிகளாகப் போன வரலாற்றை அந்த வாரமே நடத்தினால், பிள்ளைகள் தாங்களாகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

நிறம்: "கருவாயா" என்ற கேலியும், நாடகத்தில் சிவந்த பிள்ளைக்கே ராணி வேடம் கொடுப்பதும் இதே நோயின் இன்னொரு முகம். வேடத்தைக் குரலும் நடிப்பும் பார்த்துக் கொடுங்கள்.

தமிழ்ப் பாடம்: பெருமாள்முருகன் தொகுத்து 2013இல் வெளிவந்த "சாதியும் நானும்" நூலை ஆசிரியர்கள் முதலில் படிக்க வேண்டும். அவருடைய மாணவர்களும் நண்பர்களும் தங்கள் வாழ்வில் சாதியை எங்கே சந்தித்தார்கள் என்று எழுதிய கட்டுரைகள் அவை. ஒடுக்கப்பட்டவர்களோடு பிற சாதியினரும் எழுதியிருப்பது அதன் பலம். மேல்நிலை வகுப்பில் அதிலிருந்து தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்ததையும், பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததையும் நடுநிலை வகுப்பிலேயே சொல்லலாம்.

செய்யக் கூடாதவை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், வகுப்பை நீலக் கண், பழுப்புக் கண் என்று பிரித்து ஒரு பயிற்சி நடத்தினார். உலகப் புகழ் பெற்ற பயிற்சி அது. நம் வகுப்பில் அதைப் போலப் "பாதிப் பேர் மேல்சாதி, பாதிப் பேர் கீழ்சாதி" என்று நடிக்க வைக்காதீர்கள். அங்கே கண் நிறம் விளையாட்டுக்கு எடுத்த அடையாளம். இங்கே சாதி நிஜம். மணி அடித்ததும் மற்றவர்களுக்கு நாடகம் முடியும். ஒரு பிள்ளைக்கு மட்டும் முடியாது.

"உனக்கு நடந்ததைச் சொல்லு" என்று எந்தக் குழந்தையையும் வகுப்பில் எழுப்பாதீர்கள். தன் வலியைக் காட்டிப் பிறருக்குப் பாடம் புகட்டுவது அதன் கடமை அல்ல. எழுத விரும்பினால் பெயரில்லாமல் எழுதி உங்களிடம் தரட்டும். வாசிக்கும் உரிமை எழுதியவர் சம்மதத்துக்கு உட்பட்டது.

ஒரு சமூகத்துப் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக நிறுத்தவும் வேண்டாம். பிறப்புக்கு யாரும் பொறுப்பில்லை. நடத்தைக்கு எல்லோரும் பொறுப்பு. இந்த இரண்டு வாக்கியங்களையும் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

வசவு விழுந்தால்

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், பாடத்தை நிறுத்துங்கள். "இந்தச் சொல்லை இங்க யாரும் யாரையும் சொல்லக் கூடாது" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லுங்கள். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

1. காயப்பட்ட பிள்ளையிடம் முதலில் பேசுங்கள், தனியாக. அதற்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.
2. சொன்ன பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். எங்கே கேட்டது, என்ன அர்த்தத்தில் சொன்னது என்று கேளுங்கள். அடிக்காதீர்கள்.
3. எல்லோர் முன்னும் கைகுலுக்க வைத்துச் சமாதானம் என்று முடிக்காதீர்கள். அந்தக் கைகுலுக்கல் திட்டியவருக்கே நிம்மதி தரும்.
4. நாள், நேரம், சொன்ன சொல், எடுத்த நடவடிக்கை எல்லாவற்றையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள்.
5. இரண்டு வீட்டாரையும் தனித்தனியே அழையுங்கள். புகார் கொடுக்கும் உரிமை உண்டு என்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் மறைக்காதீர்கள்.
6. இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையிடம் மீண்டும் விசாரியுங்கள்.

திட்டியது ஆசிரியராக இருந்தால் நடைமுறை இன்னும் தெளிவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பள்ளி வளாகத்துக்குப் பொருந்தும். "ஸ்டாஃப் ரூமுக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்பது தீர்வாகாது. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098, வன்கொடுமைக்கு எதிரான 14566 ஆகிய எண்கள் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பெற்றோர் வந்து நின்றால்

"எம் பையன அந்தப் பசங்களோட உக்கார வெக்காதீங்க டீச்சர்" என்று ஒருவர் வருவார். கோபப்படவும் வேண்டாம், குழையவும் வேண்டாம். "பேர் வரிசையிலதானுங்க உக்கார வெக்கறோம். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மாறும். யாருக்காகவும் மாத்தறதில்லீங்க. பையன் நல்லாப் படிக்கறானுங்க, அதைப் பத்திப் பேசலாம் வாங்க." இவ்வளவு போதும்.

"டி.சி. குடுத்துருங்க" என்று மிரட்டினால், பதற்றத்தில் எதையும் மாற்றிவிடாதீர்கள். பேசியதை எழுதி, தலைமையாசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சமையலரை மாற்றியது கூட்டத்தை அடக்கவில்லை, அதன் கோரிக்கைக்கு அதிகார முத்திரை குத்தியது. வேலஞ்செட்டியூரில் அதிகாரி உறுதியாக நின்றதும் எதிர்ப்பு தணிந்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் ஒவ்வொரு தலைமையாசிரியரும் மனத்தில் இருத்த வேண்டியது.

ஓராண்டுத் திட்டம்

ஜூன்: நோட்டுக் கணக்கு, வேலைப் பட்டியல், இருக்கை விதி. ஜூலை, ஆகஸ்ட்: ஆசிரியர் கூட்டத்தில் இந்த அத்தியாயத்தையும் சந்துரு குழுப் பரிந்துரைகளையும் படித்தல், பள்ளி மேலாண்மைக் குழுவில் விதிகளைத் தீர்மானமாக நிறைவேற்றுதல். இரண்டாம் பருவம்: கவலைக் கிணற்றுப் பாடம், களப்பயணம். மூன்றாம் பருவம்: ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தில் ஓர் அலகை இதே முறையில் தயாரித்து மற்றவர்களோடு பகிர்தல்.

இதைத் தனியாகத் தொடங்காதீர்கள். உள்ளூரில் குடியிருக்கும், உள்ளூர்ச் சாதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியர் துணை நின்றால் பாதி எதிர்ப்பு எழாது. பட்டியல் சாதி ஆசிரியரின் தோளில் மொத்தச் சுமையையும் ஏற்றிவிடாதீர்கள். வாடகைக்கு வீடு கிடைக்காமல் பக்கத்து டவுனிலிருந்து பஸ் ஏறி வருபவராகவும் அவர் இருக்கலாம். முன்னால் நிற்க வேண்டியது இழப்பதற்குக் குறைவாக உள்ளவர்கள்.

ஏப்ரலில் அதே ஏழு கேள்விகளை மறுபடியும் ஒரு வாரம் கவனித்து எழுதி, ஜூன் மாத நோட்டோடு ஒப்பிடுங்கள். மாறியது எது, மாறாதது எது என்று தெரியும். மாறாததை அடுத்த ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள்.